கமராவைக் கீழே அனுப்பாதீர்கள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரத்தில் எந்த ஸ்டூடியோவுக்குள் போய், "வெளிநாட்டுக்குப் போறேன், கமராவ எப்புடிக் கொண்டுபோற?" என்று கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும். கெட்டியான பெட்டி ஒன்று வாங்கு. உள்ளே ஸ்பொஞ்ச் வெட்டி ஒவ்வொரு சாமானுக்கும் குழி எடு. கமரா, லென்ஸ், ஃப்ளாஷ், பற்றரி, சார்ஜர் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கு. பூட்டைப் போடு, மேலே பிளாஸ்டிக் சுற்று, 'உடையும் பொருள்' என்று ஸ்டிக்கர் ஒட்டு. கவுண்டரில் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு விமானம் ஏறு.

இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். ஃபிலிம் கழுவிப் பழகிய மூத்தவர்கள், கலியாண வீடுகளில் விடியவிடிய நின்று எங்களுக்குத் தொழில் காட்டித் தந்தவர்கள். அந்த மரியாதை ஒரு துளியும் குறையாமல் சொல்கிறேன்: இந்த அறிவுரை பிழை. கமராவுக்கும் பிழை, போட்ட காசுக்கும் பிழை. பற்றரி விடயத்திலோ அந்த விமானத்தில் இருக்கும் அத்தனை பேரின் உயிருக்கும் ஆபத்து. கட்டாரிலும் துபாயிலும் உள்ள எங்கள் பிள்ளைகளின் வலீமாவைப் படம்பிடிக்கப் போகிறவர்கள், உம்றாக் குழுவோடு போகிறவர்கள், வளைகுடாவில் கமரா வேலைக்கென்றே புறப்படுகிறவர்கள் என்று வருடத்துக்கு வருடம் ஆட்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இதை இனியும் வாய்ப்பேச்சாக விட்டுவைக்க முடியாது.

பற்றரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் நட்டக் கணக்கு, இது உயிர்.

கமராவிலிருந்து கழற்றிய, உபரியாகக் கொண்டுபோகும் லித்தியம் பற்றரியைக் கீழே போகும் பொதிக்குள் வைக்கக் கூடாது. கையோடுதான் கொண்டுபோக வேண்டும். இது ஏதோ ஒரு விமான நிறுவனத்தின் சொந்தக் கெடுபிடி என்று எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வகுத்த விதி இது. கட்டுநாயக்கவிலும் அதுதான், டோஹாவிலும் அதுதான், ஜித்தாவிலும் அதுதான். லித்தியம் கலம் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனால் அது சூடாகும். தன் சூட்டாலேயே மேலும் சூடாகும். பக்கத்துக் கலத்தையும் பற்றவைக்கும். சரக்கறையில் தீயணைக்கவென்று விடப்படும் ஹேலோன் வாயு எழும் கொழுந்தை அடக்கும், ஆனால் கலத்துக்குள் நடக்கும் அந்த வினையை நிறுத்தாது. அதே பற்றரி மேலே, இருக்கைக்குக் கீழே புகைந்தால் யாராவது ஒருவர் கண்டுவிடுவார். பணியாளர்கள் ஓடிவந்து அணைத்து, தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். கீழே பூட்டிய பெட்டிக்குள், ஸ்பொஞ்சுக்கு நடுவில் அது புகைந்தால் ஓடிவர யாருமில்லை. நாம் பாதுகாப்புக்கென்று வைத்த ஸ்பொஞ்சே எரிபொருளாகிவிடும்.

2010 செப்டம்பர் 3ஆம் திகதி துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குப் புறப்பட்ட யூ.பி.எஸ். நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்தில், லித்தியம் பற்றரிகள் ஏற்றியிருந்த பகுதியில் தீ மூண்டது. விமானி அறை முழுக்கப் புகை. கருவிகளைக்கூடப் பார்க்க முடியாத நிலையில் துபாய்க்கே திரும்ப முயன்று, தரையில் விழுந்து, இரண்டு விமானிகளும் இறந்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போய் வருகிற அதே நகரத்தின் ஓரத்தில் நடந்தது இது. அப்புறமும் ஆய்வுகளும் வாதங்களும் நடந்து, 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம் அயன் பற்றரியைத் தனிச் சரக்காக ஏற்றுவதையே ஐ.சி.ஏ.ஓ. தடைசெய்தது. முறையாகப் பொதிசெய்து, முத்திரை குத்தி அனுப்பும் கம்பனிக்கே இல்லாத அனுமதியை, நாங்கள் ஒரு பூட்டைப் போட்டு எடுத்துக்கொள்கிறோம்.

"நான் எத்தின தரம் கொண்டு போயிருக்கன், ஒண்டும் நடக்கல்ல" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். நடக்காதது நல்லது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நடக்காததை ஆதாரமாக வைத்து மற்றவனுக்கு வழி சொல்ல முடியாது. 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், ஹொங்கொங்குக்குப் புறப்படவிருந்த எயார் பூசான் விமானம் ஒன்று தரையில் நின்றபடியே எரிந்தது. 176 பேர் இருந்தார்கள், எல்லோரும் இறங்கித் தப்பினார்கள். தலைக்கு மேலுள்ள பெட்டியில் யாரோ வைத்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அடுத்த மார்ச் மாதமே பவர் பேங்கையும் உபரிப் பற்றரியையும் தலைக்கு மேலே வைக்க வேண்டாம், கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள் என்று கொரியாவில் விதி வந்தது. ஆகவே நான் சொல்வது 'கையோடு' என்பதோடு நிற்கவில்லை. கமராப் பை மேலே போகட்டும். பற்றரிப் பை உங்கள் காலடியில் இருக்கட்டும்.

எத்தனை கொண்டுபோகலாம் என்பதில்தான் எங்களிடம் பெரிய பயம். அந்தப் பயத்தில்தான் பலர் பற்றரியைக் கீழே ஒளிக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பற்றரியின் முதுகில் வற்-மணித்தியாலம் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் வோல்ற்றளவை அம்பியர்-மணியால் பெருக்கிக்கொள்ளுங்கள். 100க்கு உட்பட்டது தனி அனுமதியின்றிக் கையோடு போகும். 100க்கும் 160க்கும் இடைப்பட்டது விமான நிறுவனத்தின் அனுமதியோடு உபரியாக இரண்டு மட்டும். 160க்கு மேற்பட்டதைப் பயணி கொண்டுபோகவே முடியாது. இப்போது எங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். சோனியின் என்.பி.-எஃப்.இசட்.100 பற்றரி 16.4. கனொனின் எல்.பி.-இ6என் 14. கோடொக்ஸ் ஏ.டி.200 ஃப்ளாஷின் பற்றரி 42க்கும் குறைவு. ஏ.டி.600 ப்ரோவின் பெரிய பற்றரிகூட 75ஐத் தொடாது. மேவிக் 3 ட்ரோனுக்கு 77. கலியாண வேலைக்கு நாங்கள் தூக்கும் எதுவும் அநேகமாக 100ஐத் தாண்டுவதில்லை. வீடியோக்காரர்களின் பெரிய வி-மவுண்ட் பற்றரிகளில் மட்டும் 150 என்று எழுதியவை உண்டு. அவற்றுக்குப் புறப்படும் முன்பே கேட்டு அனுமதி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒளிக்கத் தேவையே இல்லாத ஒன்றை ஒளித்து ஆபத்தாக்கிக்கொண்டிருக்கிறோம்.

அடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பற்றரிக்கும் வாங்கும்போது ஒரு பிளாஸ்டிக் மூடி வந்திருக்கும். பெரும்பாலும் அது தொலைந்திருக்கும். மூடி இல்லையென்றால் செம்பு முனைகள் தெரியும் இடத்தின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பிறகு ஒன்றுக்கொன்று முட்டாதபடி தனித்தனிச் சிறு பைகளில் போடுங்கள். சாவிக்கொத்து, சில்லறைக்காசு, ட்ரைபொட் ஆணி எதுவும் அந்தப் பைக்குள் இருக்கக் கூடாது. உப்பிய பற்றரி ஒன்று இருந்தால் அதை விமானத்துக்கே கொண்டுவர வேண்டாம். பெயர் தெரியாத மலிவுப் பற்றரிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்கிறோம் என்று வாங்கிய அதைத்தான் நாங்கள் கூடுதலாகவும் கொண்டுபோகிறோம், கூடுதலாகக் கீழேயும் போடுகிறோம்.

பெட்டியைக் கீழே கொடுத்தால் தொல்லை தீர்ந்தது என்பவர்கள், கவுண்டரைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்று ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். சாய்ந்தமருதுத் தம்பி ஒருவர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, ஒரு மூலையில் முழந்தாளில் இருந்து பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்கானரில் பற்றரி தெரிந்துவிட்டது. சாவி எந்தப் பையில் என்று அவருக்குப் பதற்றத்தில் நினைவில்லை. "எத்தின தம்பி உள்ள?" என்றேன். "எட்டு காக்கா. எல்லாத்தையும் கீழதான் போடச் சொன்னாங்க." சாவி கிடைத்து, ஸ்பொஞ்சைக் கிளப்பி, எட்டையும் எடுத்து ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டார். நேர்த்தியாக அடுக்கிய பெட்டி அலங்கோலமாக மூடப்பட்டு உள்ளே போனது. அவருக்கு விமானம் கிடைத்தது. ஆள் அகப்படாத வேளையில், பூட்டை வெட்டிப் பற்றரியை எடுத்துவிடுவதும், பெட்டியையே விட்டுவிட்டு விமானம் போய்விடுவதும் உலகம் முழுக்க நடக்கிற காரியம்.

பெட்டியின் வலிமையைப் பற்றி நான் வாதாட வரவில்லை. பெலிக்கன் போன்ற பெட்டிகள் விழுந்தாலும் தாங்கும், தண்ணீரில் மிதக்கும். அவை அடியைத் தாங்கும். ஆனால் விமானப் பயணத்தில் எங்களுக்கு வரும் நட்டம் அடியால் வருவது குறைவு. பொதி எங்களைவிட்டுப் பிரிவதால் வருவதே கூட. விமான நிலையப் பொதிகளைக் கணக்கெடுக்கும் சீட்டா நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்குச் சொன்ன கணக்கின்படி ஆயிரம் பயணிகளுக்கு 6.9 பொதிகள் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவற்றில் பெரும்பாலானவை தொலைந்தவை அல்ல, தாமதமானவை. தாமதத்தில் ஏறத்தாழப் பாதி, விமானம் மாறும் இடத்தில் நேர்ந்தது. ஸ்டிக்கர் ஒட்டினாலும் பொதிகளைப் பிரிக்கும் இயந்திரப் பட்டை அதைப் பார்த்து மெதுவாக ஓடாது. டோஹாவிலோ அபுதாபியிலோ இறங்கி ஐரோப்பாவுக்கோ லண்டனுக்கோ விமானம் மாறுகிற எங்கள் ஆட்களுக்கு, அந்த 6.9 யாரோ ஒருவருடைய கதை இல்லை. உடுப்புப் பை இரண்டு நாள் பிந்தினால் மச்சானின் சாரத்தைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். கமரா இரண்டு நாள் பிந்தினால் நிக்காஹ் காத்திருக்காது. அந்த மணமகளின் உம்மா அழுத அந்த ஒரு நிமிடம் திரும்ப வராது, அதற்கு நட்ட ஈடும் கிடையாது.

நட்ட ஈடு என்றதும் "கம்பனி தரும்தானே" என்பார்கள். எவ்வளவு தரும் என்று பார்ப்போம். சர்வதேசப் பயணத்தில் பொதிக்கான பொறுப்பை வரையறுக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி, 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு உயர்ந்தபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். அமெரிக்கக் காசில் ஏறத்தாழ இரண்டாயிரம் டொலர். சோனி ஏ7 ஃபோர் உடல் மட்டும் சந்தைக்கு வந்த விலை 2,499 டொலர். லென்ஸ் எதுவும் இல்லாமலே எல்லை தாண்டிவிட்டது. அதுவும் உயர்ந்தபட்ச அளவு. தானாகக் கையில் வைக்கும் தொகை அன்று. பல நிறுவனங்களின் நிபந்தனைத் தாளில் கமரா, நகை, மின்னணுச் சாமான் போன்றவற்றைக் கீழே போடாதே, போட்டால் பொறுப்பில்லை என்று எழுதியே இருக்கிறது. ரிக்கெட் எடுக்கும்போது அதற்கு நாங்கள் சம்மதம் சொல்லிவிட்டோம். சேதமானால் பொதியை எடுத்த 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், தாமதத்துக்கு 21 நாள். 21 நாளுக்கும் வராவிட்டால்தான் தொலைந்ததாகக் கணக்கு. பெறுமதியை முன்கூட்டியே அறிவித்து மேலதிகக் கட்டணம் செலுத்தினால் அந்த எல்லையை உயர்த்தலாம் என்று உடன்படிக்கையிலேயே இடமுண்டு. கீழே போட்டால் பத்திரம் என்று சொல்லித்தரும் ஒருவராவது அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினாரா?

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதம். "கையில 7 கிலோதான் விடுவாங்க. கமராச் சாமான் எல்லாம் எப்புடி 7 கிலோக்குள்ள அடங்கும்?" நியாயமான கேள்வி. ஸ்ரீலங்கன், கட்டார், எமிரேட்ஸ் மூன்றிலும் சாதாரண வகுப்புக்குக் கைப்பொதி 7 கிலோதான். ஆகவே நிறுத்துப் பார்ப்போம்.

எங்கள் ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கனமான செட்டையே எடுக்கிறேன். கனொன் ஃபைவ் டி மார்க் ஃபோர் உடல் இரண்டு, பற்றரியோடு 1,780 கிராம். 24-70 லென்ஸ் 805. 70-200 இரண்டாம் பதிப்பு, எல்லோரும் தோளைத் தேய்த்துக்கொள்ளக் காரணமான அந்த வெள்ளைக் குழாய், 1,490. 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் 425. கூட்டினால் 4,500 கிராம். உபரிப் பற்றரி ஆறு, அரைக் கிலோ. ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படாத துணிக் கமராப் பை. ஆறரைக் கிலோவில் ஒரு முழுக் கலியாணத்துக்கான சாமான் கையில் இருக்கிறது. இதையே சோனியில் வைத்தால், ஏ7 ஃபோர் இரண்டு 1,316, இரண்டாம் பதிப்பு 24-70 695, இரண்டாம் பதிப்பு 70-200 1,045, 85 எஃப் 1.8 371, பையும் பற்றரியும் சேர்த்து ஐந்தரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் 7 கிலோ போதாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அந்தப் பெட்டியிலிருந்துதான். கைப்பொதி அளவென்று பெயர்பெற்ற பெலிக்கன் 1510 பெட்டி, ஸ்பொஞ்சோடு வெறுமையாகவே 6.2 கிலோ. அதற்குள் ஒரு கமராவை வைத்த மாத்திரத்தில் தராசு 7ஐத் தொடும். கொண்டுபோக இடமில்லாமல் செய்தது கமரா அன்று, அதைப் போட்ட கூடு. கூட்டை மாற்றுவதற்குப் பதிலாக, கமராவையே கீழே தள்ளச் சொல்கிறது எங்கள் ஊர் அறிவுரை. ஃப்ளாஷ் தலைகள், லைட் ஸ்டாண்ட், ட்ரைபொட், குடை, சொஃப்ட் பொக்ஸ், சார்ஜர், வயர், இவையெல்லாம் தாராளமாகக் கீழே போகட்டும். பிந்தினால் அந்த ஊரிலேயே வாடகைக்கோ கடனுக்கோ கிடைக்கும், உடைந்தால் தாங்கும் விலை. அந்தப் பெரிய பெட்டிக்கும் வேலை வேண்டுமென்றால் இவற்றை அதில் போடுங்கள். கையில் இருக்க வேண்டியவை உடல், லென்ஸ், பற்றரி, கார்ட் நான்கும். எடை கொஞ்சம் மிஞ்சினால் ஒரு உடலைக் கழுத்தில் போடுங்கள், லென்ஸ் ஒன்றை மேற்சட்டைப் பையில் வையுங்கள். வீட்டிலேயே தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுப் போனால் கவுண்டரில் குரல் நடுங்காது.

இன்னொன்றை இந்த அறிவுரை முழுக்க மறந்துவிடுகிறது. யூடியூப்பில் பெட்டியைப் புகழ்கிறவர் தன் சொந்தக் காரில் அரை மணித்தியாலத்தில் எயார்போட்டுக்குப் போகிறவர். எங்களுக்குப் பயணம் தொடங்குவது கட்டுநாயக்கவில் இல்லை. கல்முனையில் இரவு பஸ் ஏறும்போதே தொடங்கிவிடுகிறது. அம்பாறை, மஹாஓயா, மஹியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவில் பஸ் சாய்ந்து சாய்ந்து ஏறும்போது, பின்னாலுள்ள பொதியறைக்குள் அரிசி மூட்டைக்கும் மீன் பெட்டிக்கும் நடுவில் அந்தப் பெட்டி உருண்டுகொண்டிருக்கும். வானில் குடும்பத்தோடு போனால் இன்னும் கரைச்சல். வழியனுப்ப வந்த மாமி, சாச்சி, சின்னப் பிள்ளைகள், போத்தல் தண்ணீர், சோற்றுப் பொதி எல்லாம் அதன்மேல். பளபளக்கும் பூட்டுப் போட்ட பெரிய கறுப்புப் பெட்டி, வழியில் தேநீர்க் கடையில் நிறுத்தும்போது உள்ளே பெறுமதியான சாமான் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நிற்கும். சாயம் போன ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவனை யாரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை. அதிர்வும் அவன் உடம்பில் இறங்கிவிடும், லென்ஸுக்குப் போகாது.

பெட்டிக்காரர்களின் கடைசி வாதம் பூஞ்சணம். "காத்துப் போகாத பெட்டி, லென்ஸுக்குப் பூஞ்சணம் பிடிக்காது" என்பார்கள். கடலோரத்தில் தொழில் செய்கிறவர்களுக்குப் பூஞ்சணத்தின் மேலுள்ள பயம் எனக்குப் புரியும். கண்ணாடியின் பூச்சுக்குள் வேர்போல ஓடி, துடைத்தாலும் போகாத அந்த வலையைக் காணாத ஸ்டூடியோ மருதமுனையிலும் இல்லை, நிந்தவூரிலும் இல்லை. ஆனால் காற்றுப் புகாத பெட்டி, மூடும்போது உள்ளே இருந்த காற்றையும் வெளியே விடாது. வாடை மாரியில், நவம்பரிலோ டிசம்பரிலோ, ஜன்னல் திறந்த அறையில் வைத்து அடுக்கிப் பூட்டினால் எங்கள் கடற்காற்றின் ஈரம் முழுவதையும் லென்ஸோடு சேர்த்து அடைக்கிறோம். பெட்டி குளிரும்போது அந்த ஈரம்தான் கண்ணாடியில் பனிக்கும். ஈரத்தை உறிஞ்சுவது பெட்டியன்று, சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கக்கூடிய வகையை வாங்கி, லென்ஸோடு ஒரு சிப் பைக்குள் போட்டால் துணிப்பைக்குள்ளும் அது தன் வேலையைச் செய்யும். குளிர்ந்த விமானத்திலிருந்து கட்டுநாயக்க வெக்கைக்குள் இறங்கிய உடனே சிப்பைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது வெளிச்சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். டோஹாவில் ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போதும் அதே பொறுமை வேண்டும்.

எக்ஸ்ரே பயம் பழைய காலத்தின் மிச்சம். ஸ்கானரில் போனால் கார்ட் அழிந்துவிடும், கமரா சென்சர் கெட்டுவிடும், அதனால் பெட்டிக்குள் போட்டுக் கீழே அனுப்பு என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். மெமரி கார்ட்டுக்கும் சென்சருக்கும் விமான நிலைய எக்ஸ்ரேயால் ஒன்றும் ஆவதில்லை. பாதிக்கப்படுவது ஃபிலிம். அதிலும் கீழே போகும் பொதியைப் பார்க்கும் கருவிதான் கடுமையானது. ஃபிலிம் போட்ட காலத்திலேயே அதைக் கீழே போடச் சொன்னது பிழையான பேச்சு. இப்போது கைப்பொதிக்கும் பல இடங்களில் சி.டி. ஸ்கானர் வந்துவிட்டது, ஒரே தடவையில் ஃபிலிம் மங்கிவிடலாம் என்று கோடக்கே எச்சரிக்கிறது. திரும்ப ஃபிலிமில் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளம் பிள்ளைகள் சுருளைத் தெளிவான பையில் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிப் பணிவாகக் கேட்க வேண்டும். ஈயப் பை வேண்டாம். உள்ளே என்னவென்று தெரியாவிட்டால் அதிகாரி எப்படியும் திறக்கத்தான் சொல்வார்.

கார்ட்டைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போகும்போது பெட்டிக்குள் இருப்பது சாமான். வரும்போது இருப்பது ஒரு குடும்பத்தின் கலியாணம். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது நாட்டிலேயே ஆகக்கூடுதலான உயிரைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம்தான். அந்த அலையில் வீட்டோடு அல்பமும் போனது. இன்றைக்கும் வாப்பாவின் முகம் தேசிய அடையாள அட்டைப் படத்தில் மட்டும் உள்ள பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். படம் தொலைவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படியிருக்க, எடுத்த கார்ட் அத்தனையையும் கமராவோடு ஒரே பெட்டிக்குள் பூட்டி, எங்கே போகிறது என்று தெரியாத பட்டையில் ஏற்றச் சொல்லும் அறிவுரையை நாங்கள் எப்படி இவ்வளவு காலம் கேட்டுக்கொண்டிருந்தோம்? எடுத்த இரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுங்கள். ஒன்று கைப்பையில் வரட்டும், மற்றது கூட வருகிற வேறொருவரின் பையில். கார்ட்டை அழிக்காமல் உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கத்தைக் கண்டு பயந்தும் பலர் கமராவைக் கீழே போடுகிறார்கள். கீழே போனாலும் வரும்போது அதே வாசலால்தான் வெளியே வர வேண்டும். உடலினதும் லென்ஸினதும் தொடரிலக்கங்களை ஒரு தாளில் எழுதி, வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதியோடு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போதே சுங்க மேசையில் காட்டிப் பதிந்துகொண்டால், திரும்பி வரும்போது இது என்னுடைய பழைய சாமான் என்று நிறுவ உங்களுக்கு ஆதாரம் இருக்கும். ட்ரோன் கொண்டுபோகிறவர்கள் போகும் நாட்டின் அனுமதியையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பறிபோன பின் கவலைப்படுவதில் பயனில்லை.

சில வேளை எல்லாம் சரியாகச் செய்தும், விமானம் நிரம்பி, வாசலில் வைத்து உங்கள் கைப்பொதியையும் கீழே போடச் சொல்வார்கள். அந்த இடத்தில் பலர் ஒன்றும் பேசாமல் பையைக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். "இதுக்குள்ள கமராவும் லித்தியம் பற்றரியும் இருக்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். உபரிப் பற்றரியைக் கீழே அனுப்ப முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்த விதி. அதற்குப் பிறகும் பை போகத்தான் வேண்டுமென்றால் முதலில் பற்றரிப் பையை வெளியே எடுங்கள், பிறகு கார்ட், பிறகு உடல்கள் இரண்டும், பிறகு லென்ஸ். இதற்காகவே ஒரு மெல்லிய மடிப்புத் துணிப்பையைக் கமராப் பையின் வெளிப்பொக்கற்றில் முன்கூட்டியே வைத்திருங்கள். வெறும் பை கீழே போகட்டும்.